மரப்பல்லியும் அதன் வாசஸ்தலமும்

கடலூர் ஜில்லாவில், விருத்தாசலத்திற்குக் கிழக்கேயுள்ள கம்மாபுரம் வட்டாரத்தில், களத்து மேட்டிலோ வரப்போரத்திலோ நிற்கும் ஒரு கிழப் புளியமரத்தை இரவு எட்டு மணிக்குமேல் கைவிளக்கைக் கொண்டு நோக்கினால், பட்டையோடு பட்டையாக ஒட்டிக்கொண்டு, தலை கீழாகவும் வால் மேலாகவும் ஒரு பிராணி அசைவற்றிருப்பதைக் காணலாகும். வீட்டுச் சுவரில் ஓடும் பல்லியைக் கண்டு பழகியவர்களுக்கு இதன் பருமனே திகிலை உண்டாக்கும். "விஷப் பல்லி" என்று சொல்லித் தடியைத் தேடுவோர் அனேகர். உண்மையில் இது மரப்பல்லியாகும். இதற்கு விஷம் கிடையாது. இரவெல்லாம் பூச்சிகளைப் பிடித்துத் தின்று, பொழுது புலருமுன் பொந்துக்குள் புகுந்துகொள்வதே இதன் தொழில். இப்பிராணி எங்ஙனம் வாழ்கிறது, அதன் இருப்பிடம் எவ்வாறு நாளுக்கு நாள் குறைந்து வருகிறது என்பதை நிலமுடையோரும் கிராம அதிகாரிகளும் அறிந்திருத்தல் அவசியம். ஏனெனில் அவ்விருப்பிடத்தை வைத்திருப்பதும் வெட்டிப்போடுவதும் அவர்கள் கையிலேயே இருக்கின்றன.

வீட்டுப் பல்லி வால் உட்பட நாலைந்து அங்குலத்தோடு நின்றுவிடும். நன்கு வளர்ந்த மரப்பல்லியோ மூக்கு நுனியிலிருந்து வாலின் அடிவரையில் 3 அங்குலத்திற்கு மேற்பட்டும், வாலையும் சேர்த்து ஆறு, ஆறரை அங்குலமாகவும் இருக்கும். உடல் தட்டையானது, தலை அகன்றது. மேற்புறம் சாம்பல் நிறம். அதன்மேல் குறுக்கே நெளிநெளியாகக் கருமையான பட்டைகள் ஓடும். அடிவயிறு வெளுத்திருக்கும். இந்நிறம் புளி, இலுப்பை, வேம்பு முதலிய மரங்களின் முதிர்ந்த பட்டைக்கு மிகவும் ஒத்திருப்பதால், பகலில் ஒரு முழம் தூரத்தில் நிற்பவர்கூட அதைக் காணாது போவதுண்டு. கண்களுக்கு இமை இல்லை. ஆகையால் தூசு படிந்தால் நாவினால் நக்கியே துடைத்துக்கொள்ளும். கருவிழி பகலில் நெட்டுக்குத்தான ஒரு கீற்றாகச் சுருங்கி, இரவில் அகல விரியும். துரத்தப்பட்டால் வாலை முறித்துப் போட்டுவிட்டு ஓடும். அந்த வால் தரையில் துடித்துக்கொண்டிருக்கையில் பகைவனுடைய கண் அதன்மேற் செல்ல, பல்லி தப்பிவிடும். புது வால் முளைக்குமாயினும், பழைய வாலில் சேர்த்து வைத்திருந்த கொழுப்பு வீணாவதால் அப்பிராணிக்கு இது பெருநஷ்டமே. சிறுவர்கள் வேடிக்கைக்காகப் பல்லியின் வாலை அறுப்பதைப் பெரியோர் கண்டித்தல் வேண்டும்.

சாஸ்திரிகள் இதற்கு இட்டிருக்கும் பெயர் ஹெமிடாக்டைலஸ் லெஷனால்டி என்பது. இப்பெயரின் வரலாறு நம் பக்கத்தாருக்குச் சிறிது சுவையாயிருக்கும். லெஷனால் தெ லா தூர் என்பவர் பிரெஞ்சு தேசத்துத் தாவர சாஸ்திரி. 1816 முதல் 1822 வரையில் புதுச்சேரியைத் தலைமையிடமாகக் கொண்டு, அங்கே தாவரத் தோட்டமொன்றைப் பார்த்துக்கொண்டும், சேலம், கோயம்புத்தூர், நீலகிரி, இலங்கை முதலிய இடங்களுக்குச் சென்று செடிகளையும் பிராணிகளையும் சேகரித்துக்கொண்டும் இருந்தார். இலங்கையிலிருந்து பாரிஸ் நகரக் காட்சிசாலைக்குச் சென்ற பல்லியொன்றை தியூமெரில், பிப்ரோன் என்னும் இருவர் ஆராய்ந்து 1836-ஆம் ஆண்டில் வருணித்து, அவர் பெயரையே அதற்குச் சூட்டினர். சாஸ்திரத்துக்கு அது புதிதேயொழிய, தமிழருக்குப் புதிதன்று. குறுந்தொகையில் பாலைத்திணைப் பாட்டொன்றிலே கள்ளிக்காட்டுப் பல்லி தன் துணையை அழைக்கும் ஓசை சொல்லப்பட்டிருக்கிறது. பல்லி வீட்டுச் சுவருக்கு வருமுன் காட்டிலேயே குடியிருந்த பிராணி என்பதை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர்.

இதைவிடப் பெரிய காட்டுப் பல்லிகளும் உண்டு. கோதாவரி நதிப் பள்ளத்தாக்கிலிருந்து 1871-இல் ஸ்டாலிக்ஸ்கா என்பவர் வருணித்த இராட்சதப் பல்லி பாறைகளில் வாழ்வது. இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள ஓக்கந்தையிலிருந்து 1937-இல் தெரணியகல என்பவர் வெளிப்படுத்திய பெரும் புள்ளிப் பல்லி வறண்ட காட்டுக் குகைகளில் உறைவது. நம் மாகாணத்திலேயே திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பெரும் பல்லி இனமொன்று 2014-ஆம் ஆண்டில்தான் தனியினமாகக் கண்டறியப்பட்டது. மலாய் நாட்டிலும் சுமத்திரா, போர்னியோ தீவுகளிலும் அடர்ந்த தாழ்நிலக் காடுகளில் பச்சைக் கண்களையுடைய பெரும் பல்லி ஒன்று ஓரடி நீளம்வரை வளர்ந்து, பெரிய அடிமரங்களில் வாழ்கிறது. தோட்ட வேலைக்கென அங்கே சென்ற நம்மவரில் காட்டோரத்தில் குடியிருந்தோர் அதை அறிவர். இவற்றையெல்லாம் நோக்க நம் மரப்பல்லி சிறியதே. ஆனால் பயிரிடும் பூமிக்கு நடுவிலேயே, குடியானவனுடைய மரத்திலேயே வாழ்வது இதுதான்.

செங்குத்தான மரத்திலும் தலைகீழான கிளையிலும் இது விழாமல் ஓடுவது எவ்வாறென்று கேட்பதுண்டு. விரல்களின் அடியில் பசை இருக்கிறதென்பது பொது நம்பிக்கை. அது சரியன்று. விரலடியில் மடிப்பு மடிப்பாக உள்ள தகடுகளில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய மயிர்கள் அடர்ந்திருக்கின்றன. டோக்கே என்னும் பெரும் பல்லியின் ஒவ்வொரு பாதத்திலும் ஏறக்குறைய 5 லட்சம் மயிர்கள் உள்ளன. ஒவ்வொரு மயிரும் நுனியில் பன்னூறாகப் பிளந்திருக்கிறது. அமெரிக்க விஞ்ஞானிகள் 2000-ஆம் ஆண்டில் இம்மயிர் ஒன்றின் பிடிப்பை அளந்து வெளியிட்டனர். பரப்போடு மிக நெருங்கும் பொருள்களுக்கிடையே இயல்பாயுள்ள ஈர்ப்பே இப்பிடிப்புக்குக் காரணமென்று பின்னர் நிச்சயிக்கப்பட்டது. எலிக்கென்று வைக்கும் பசை அட்டையில் மட்டும் இவ்வித்தை பலிப்பதில்லை. களஞ்சியங்களில் அவ்வட்டையைச் சுவரோரமாக வைத்தால் பல்லியும் அகப்பட்டு மடியும்.

இனி இருப்பிடத்தைக் கவனிப்போம். மரப்பல்லிக்கு வேண்டியவை மூன்று: பகலில் வெயிலும் காக்கையும் படாமல் ஒளிவதற்கு ஒரு பிளவு, முட்டையிடுவதற்கு ஈரமும் சூடும் மிகாத ஒரு பொந்து, இரவில் பூச்சி வந்து உட்காரும் அகன்ற அடிமரம். ஒரு தடவைக்கு இரண்டு முட்டைகளே இடும். அவை வெண்ணிறமாய், சுண்ணாம்பு போன்ற கெட்டியான ஓட்டுடன் இருக்கும். இம்மூன்று வசதிகளும் இளமரத்தில் அமைவதில்லை. புளியமரம் வயதேறிக் கிளை முறிந்த இடத்தில் உளுத்துப் பொந்தாவதும், வேம்பின் பட்டை பாளம் பாளமாக வெடிப்பதும், இலுப்பையின் வேர்ப்பாகம் குடைபடுவதும் பல்லாண்டுக் காரியங்கள். பனையில் பொந்தில்லாவிடினும், கழிக்கப்படாத காய்ந்த மட்டைகள் அடிமரத்தைச் சுற்றித் தொங்கி ஒரு கூரைபோல் அமைந்து, பல்லி, வௌவால், சிறு பறவைகள் ஆகிய யாவற்றுக்கும் இடமளிக்கின்றன. விருத்தாசலம் பழமலைநாதர் கோயிலின் தலவிருட்சமாகிய வன்னியைக் கண்டவர்கள், முதிர்ந்த மரத்தின் உடல் எத்தனை வெடிப்பும் குடைவுமாக இருக்குமென்பதை அறிவர். கிராமத்து ஐயனார் கோயில் மரங்களும், ஏரிக்கரை மரங்களும், கிணற்றடி மரங்களும் இத்தகையனவே. காடு அழிந்த சமவெளியில் காட்டுப் பிராணிக்கு எஞ்சிய காடு இந்தத் தனி மரங்கள்தாம்.

இத்தனி மரங்கள் கடலூர் ஜில்லாவில் குறைந்து வந்திருக்கின்றன. நெய்வேலிப் பழுப்பு நிலக்கரிக்காக 1956-ஆம் ஆண்டில் கம்பெனி ஏற்பட்ட பின், சுரங்கத்திற்கு எடுக்கப்பட்ட நிலங்களில் மேல்மண்ணோடு மரமும் அகன்றது. சாலைகளை அகலப்படுத்துங்கால் இருமருங்கும் நின்ற புளியமரங்கள் வெட்டுண்டன. இவற்றுக்கெல்லாம் மேலாக, 2011-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் தேதி காலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறிய 'தானே' புயல், மணிக்கு 120 முதல் 140 கிலோமீட்டர் வேகத்தில் வீசி, கடலூர், பண்ருட்டி, குறிஞ்சிப்பாடிப் பகுதிகளில் பாட்டன் காலத்து முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்தது. ஒரே பகலில் ஒரு தலைமுறையின் வருமானம் தரையில் கிடந்தது. அவ்விடங்களில் பின்னர் ஒட்டு முந்திரிக் கன்றுகள் நடப்பட்டன. ஒட்டுக்கன்று மூன்றாம் ஆண்டிலேயே காய்க்கத் தொடங்குவதால் குடியானவனுக்கு அதுவே தக்கது. அதில் ஆட்சேபம் ஏதுமில்லை. ஆயினும் அதன் பட்டை வழுவழுப்பானது, பொந்தென்பதே இல்லை. காய் விரைவில் வந்துவிடும். பொந்து வருவதற்கு நெடுநாட் செல்லும். ஆகவே புயலுக்குத் தப்பி நிற்கும் கிழமரம் ஒவ்வொன்றும் முன்னிலும் மதிப்புடையதாயிற்று.

இங்கே ஒரு சந்தேகம் எழலாம். தோப்பில் பட்ட மரத்தை அப்புறப்படுத்தவேண்டுமென்று விவசாய இலாகாவே வற்புறுத்துகிறதே, பொந்து மரத்தை விட்டுவை என்பது அதற்கு முரணல்லவா என்பதே அது. முந்திரியைப் பொறுத்தவரை முன்சொன்ன யோசனையே சரி. வேரையும் தண்டையும் துளைக்கும் வண்டின் புழு புகுந்து, அடியில் பிசினும் மரத்தூளும் தள்ளி, இலை பழுத்துப் பட்டுப்போன முந்திரி மரம் தோப்பு முழுவதற்கும் கேடு. அதைத் தாமதமின்றி வேரோடு எடுத்துவிடவேண்டும். பல்லிக்காக அதை வைத்திருப்பது அறிவீனம். புழு மரத்துக்குள்ளே இருப்பதால் பல்லியால் அதை எட்டவும் முடியாது. ஆனால் வரப்பிலும் களத்திலும் நிற்கும் புளி, இலுப்பை, வேம்பு, பனை ஆகியவற்றின் கதை வேறு. அம்மரங்களில் அடிமரம் உறுதியாயிருந்து, கிளைப் பொந்து மட்டும் இருக்குமாயின், அதை வெட்டுவதற்குப் பயிர்ச் சேமத்தைக் காரணமாகச் சொல்ல இயலாது. வீட்டின்மேலோ, மாட்டுக் கொட்டகையின்மேலோ, பாதையின்மேலோ விழக்கூடிய கிளையை மட்டும் அறுத்துவிட்டு, தண்டை நிற்க விடலாம்.

முந்திரித் தண்டில் துளைப்பானைத் தடுக்க வேப்பெண்ணெய்க் கரைசல் பூசுவோர், பகலில், பல்லி வெளிவராத வேளையில் பூசி உலரவிடுவது நலம். கடுமையான பூச்சிமருந்துகளை அடிமரம் முழுவதும் பீச்சுவதால், மருந்து பட்ட பூச்சியைத் தின்னும் பல்லிக்கும் கெடுதி நேரும்.

பல்லியினால் பயிருக்கு என்ன லாபமென்று கணக்கன் கேட்கும் கேள்வியைக் கேட்பவர்களுக்கு மிகைப்படுத்தாமல் விடை சொல்லவேண்டும். பல்லி ஒன்றே பூச்சியை ஒழித்துவிடும் என்பது பேதைமை. வண்டி வண்டியாக வரும் பூச்சிக்கு முன் அது சிறு காவல்தான். ஆயினும் அது தின்பவற்றைப் பார்க்க: அந்துப்பூச்சி, சில்வண்டு, கரப்பான், வண்டு, மழைக்குப்பின் கிளம்பும் ஈசல், சிலந்தி ஆகியவை. தன்னிலும் சிறிய பல்லியையும் விழுங்கும். நிலக்கடலை பயிரிடுவோர் இதிலொன்றைச் சிந்திக்கவேண்டும். சிவப்புக் கம்பளிப்புழுவின் தாய்ப்பூச்சி முதல் நல்ல மழைக்குப்பின் மண்ணிலிருந்து வெளிவந்து, இரவில் பறந்து, நூற்றுக்கணக்கான முட்டைகளை இட்டுவிடும். புழு பொரித்தபின் செலவழிக்கும் பணத்தைவிட, தாய்ப்பூச்சி முட்டையிடுமுன் மடிவதே மேல். அதற்காகவே விளக்குப்பொறியும் வரப்போரச் சொக்கப்பானையும் சொல்லப்படுகின்றன. இரவில் விழித்திருந்து, சம்பளமின்றி, விளக்கண்டையும் மரத்தண்டையும் அந்துப்பூச்சியைப் பிடிக்கும் பிராணி எதுவாயினும் அதைத் தடியால் அடிப்பது அந்தப் பிரயத்தனத்திற்கு மாறான செய்கை.

அடிப்பதற்குக் காரணம் அச்சமே. உலகத்திலுள்ள பல்லி இனங்களில் விஷமுள்ளது ஒன்றுமில்லை. மரப்பல்லியைக் கையால் அழுத்திப் பிடித்தால் கடிக்கும், தோலில் பல் பதிந்த அடையாளம் தெரியும், அவ்வளவே. பல்லி விழுந்த சோற்றைத் தின்றவர்கள் வாந்தியெடுத்து ஆஸ்பத்திரிக்குச் செல்லும் செய்தி பத்திரிகைகளில் அடிக்கடி வருகிறதே எனில், அதில் பல்லியின் விஷத்துக்கு இடமில்லை. சால்மனெல்லா முதலிய கிருமிகள் பல்லியின் குடலிலும் கழிவிலும் இருப்பதுண்டு. அவை உணவிற் கலந்தால் வயிற்றுக்கோளாறு உண்டாகலாம். பலர் கூடி உண்ட இடத்தில் ஒருவர் அஞ்சி வாந்தியெடுக்க, மற்றவர்க்கும் அது தொற்றுவதும் உண்டு. ஆகையால் சத்துணவுக் கூடம், கல்யாணச் சமையல் முதலிய இடங்களில் பாத்திரங்களை மூடிவைப்பதும், அடுப்புக்கு நேர்மேலே விளக்கைத் தொங்கவிடாதிருப்பதும் முறை. விளக்குக்குப் பூச்சி வரும். பூச்சிக்குப் பல்லி வரும். பல்லி விழுந்த உணவைக் கொட்டிவிடவேண்டியதே. உண்டவருக்கு உபாதை கண்டால் வைத்தியரிடம் அனுப்பவேண்டியதே. ஆனால் அதற்காக ஊரிலுள்ள பல்லிகளையெல்லாம் வேட்டையாடுவது பயனற்றது. காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் சன்னிதியில் காத்து நின்று தங்கப் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் தொட்டுவிட்டு வருகிறவர்களே, ஊர் திரும்பியதும் புளியமரத்துப் பல்லியைக் கல்லால் எறிவது விந்தையாகத்தானிருக்கிறது.

அச்சத்தைப் போலவே ஆசையும் இப்பிராணி வர்க்கத்துக்குக் கேடு விளைத்திருக்கிறது. கிராம அதிகாரிகள் இதை விசேஷமாகக் கவனிக்கவேண்டும். அசாம் முதலிய வடகிழக்கு நாடுகளிலும், வங்காளம், பர்மா, சயாம், ஜாவா முதலிய தேசங்களிலும் டோக்கே என்னும் பல்லி உண்டு. ஓரடிக்கு மேல் வளரும். நீலச்சாம்பல் உடலில் செம்புள்ளிகள் இருக்கும். தன் பெயரையே கூவும். சீன வைத்தியத்தில் அதை உலர்த்தி மருந்தாக விற்பது பழைய வழக்கம். 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில், எய்ட்ஸ் வியாதியை அது குணப்படுத்துமென்ற பொய்ச் சேதி கிழக்கு நாடுகளில் பரவிற்று. 300 கிராமுக்கு மேற்பட்ட ஒரு பல்லிக்கு லட்சக்கணக்கில் விலை என்ற வதந்தியும் கிளம்பிற்று. மலேசியாவில் தொழிலை விட்டுப் பல்லி பிடிக்கக் காடேறியவர்களும் இருந்தனர். அம்மருந்தை நம்பவேண்டாமென்று பிலிப்பைன்ஸ் அரசாங்கம் 2011-ஆம் ஆண்டில் எச்சரிக்கை விடுத்தது. சர்வதேச வனஜீவராசி வர்த்தக உடன்படிக்கையின் இரண்டாம் அட்டவணையில் டோக்கே 2019-இல் சேர்க்கப்பட்டது. இந்தியாவில் அதைப் பிடிப்பதும் விற்பதும் சட்டப்படி குற்றம்.

நம் மாகாணத்தில் டோக்கே பல்லி இயற்கையாய் இல்லை. ஆகையால் கைபேசியில் படத்தைக் காட்டி, "இதுபோல் உங்கள் மரத்தில் இருந்தால் லட்சம் ரூபாய் தருகிறோம், முதலில் முன்பணம் கட்டுங்கள்" என்று சொல்லி வருபவன் எவனாயினும் அவன் பேச்சில் உண்மையிராது. அப்படிப்பட்டவனை நம்பி மரத்தைக் குடைந்து பார்ப்பதால் பொந்தும் பாழாகும், பணமும் பாழாகும். அங்ஙனம் அன்னியர் ஊருக்குள் வருவதாகத் தெரிந்தால் கிராம அதிகாரிகள் போலீசாருக்கும் வனஇலாகாவுக்கும் உடனே தெரிவிக்கவேண்டும்.

மரங்களைப்பற்றியும் அவர்கள் செய்யக்கூடியது உண்டு. பனையை வெட்டுவதற்குக் கலெக்டரின் அனுமதி வேண்டுமென்று தமிழ்நாட்டு அரசாங்கம் 2021-ஆம் ஆண்டு விவசாய பட்ஜெட்டில் அறிவித்தது. செங்கற் சூளைக்கென்று பனையைக் கேட்டு வருவோரிடம் இதை எடுத்துச் சொல்லுதல் வேண்டும். ஏரிக்கரைப் புறம்போக்கிலும் சாலையோரத்திலும் நிற்கும் புளியமரங்களின் மகசூலை ஏலம் விடும்போது, காய் உலுக்குவதற்கு மட்டுமே உரிமை என்பதையும், பட்டையை உரிக்கவோ, பொந்தில் நெருப்பு வைக்கவோ உரிமையில்லை என்பதையும் ஏலதாரருக்குத் தெளிவாய்ச் சொல்லிவிடலாம். தேன் எடுப்பவர்களும் கீரி பிடிப்பவர்களும் பொந்தில் புகை போட்டு நெருப்பை அணைக்காது போவதால், பெரிய மரங்கள் உள்ளே புகைந்து, சில நாளில் சாய்ந்துவிடுகின்றன. அவ்வாறு விழும் மரத்தின் கீழ் மனிதரோ மாடோ அகப்படும் அபாயமும் உண்டு.

பனை மட்டை கழிப்பவர்கள் அடிவரையில் ஒட்டக் கழிக்காமல், வரப்பிலுள்ள பத்து மரங்களில் இரண்டு மூன்றில் மட்டையை அப்படியே விட்டால் போதுமானது. தவிர்க்கமுடியாமல் கிழமரமொன்றை வெட்ட நேர்ந்தால், தண்டைப் பிளக்கும்போது வெள்ளை முட்டைகள் தென்படக்கூடும். அவற்றைப் பாம்பு முட்டையென்று நசுக்கிவிடுவது வழக்கம். பாம்பு முட்டை தோல்போல் மிருதுவாகவும் நீண்டும் இருக்கும். பல்லி முட்டை சிறிய சுண்ணாம்பு உருண்டைபோல் கெட்டியாய் இருக்கும். அதைப் புரட்டாமல், கிடந்த வாக்கிலேயே எடுத்து, பக்கத்திலுள்ள வேறு மரத்தின் பிளவிலோ, மழை படாத கல்லிடுக்கிலோ வைத்துவிடலாம்.